5 ஆண்டுக்கு 30 மணி நேரம் போதுமா?

பட்டம் வாங்கிப் பதிவு செய்துகொண்ட ஒரு மருத்துவர், அதன் பிறகு எவ்வளவு படித்தால் போதும் என்று நம் நாட்டு விதி சொல்கிறது தெரியுமா? 5 ஆண்டுகளில் 30 மணி நேரம். இந்திய மருத்துவ கவுன்சில் 2002இல் வெளியிட்ட தொழில் நெறி விதிகளில் இது இருக்கிறது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு அரை மணி நேரம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கருத்தரங்குக்குப் போய், கையெழுத்துப் போட்டு, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு திரும்பினால் அந்த ஆண்டின் கடமை ஏறத்தாழ முடிந்துவிடும். அதையும் சில மாநில கவுன்சில்கள் பதிவைப் புதுப்பிக்கும்போது கேட்கின்றன. மற்ற இடங்களில் கேட்பாரில்லை.

நான் சிறுநகரம் ஒன்றில் பொது மருத்துவம் பார்க்கிறேன். காய்ச்சல், சர்க்கரை, இரத்த அழுத்தம், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, முதியவர்களின் மூட்டுவலி என்று எல்லாம் வரும். இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம், மருத்துவரின் தொடர்கல்வியை நாம் மணிக்கணக்காகவும் சான்றிதழாகவும் சுருக்கிவிட்டோம் என்ற கோபம்தான். அது வேலை நேரத்துக்குள், தான் பார்க்கும் நோயாளிகளை வைத்தே, மருந்து நிறுவனத்தின் பணம் ஒரு ரூபாய்கூட இல்லாமல் நடக்க வேண்டும். வேறு எப்படி நடத்தினாலும் நோயாளிக்கு அதிகப் பயன் இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்து உதாரணம் வேண்டாம். கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021 ஏப்ரல், மே மாதங்களை நினைத்துப் பாருங்கள். பிளாஸ்மா வேண்டும், பி பாசிட்டிவ் வேண்டும், உடனே வேண்டும் என்று இதே முகநூலில் எத்தனை பதிவுகள்! பிளாஸ்மா என்ற இரத்த நீருக்காக, குணமடைந்தவர்களைத் தேடி வீடு வீடாக அலைந்தார்கள். ஆனால் கொரோனாவுக்குப் பிளாஸ்மா கொடுப்பதால் இறப்பும் குறையவில்லை, நோய் முற்றுவதும் தடுக்கப்படவில்லை என்று நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலே கண்டுபிடித்திருந்தது. 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள். தமிழ்நாட்டு மருத்துவமனைகளும் அந்த ஆய்வில் இருந்தன. முடிவு 2020 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அரசின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே 17 அன்று. இடைப்பட்ட ஏழு மாதங்களில் சீட்டு எழுதிக் கொடுத்தவர்கள் மருத்துவர்கள். அலைந்தவர்கள் நோயாளியின் பிள்ளைகள்.

டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் கதை இன்னும் வேதனையானது. 2020 ஜூனில் வந்த பிரிட்டன் ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளுக்கு அது உயிர் காக்கிறது என்று சொன்னது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். முதல் பாதி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது, இரண்டாம் பாதி பலருக்குப் போய்ச் சேரவில்லை. லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்களுக்கு முதல் நாளே ஸ்டீராய்டு எழுதப்பட்டது. சர்க்கரை எகிறியது. கருப்புப் பூஞ்சை வந்து கண்ணையும் தாடையையும் இழந்தவர்களை அந்த ஆண்டு பார்த்தோம். சர்க்கரை நோயும் தேவையில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்தது அதற்கு முக்கியமான காரணம் என்பதில் மருத்துவ உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

"முப்பது வருடமாகப் பார்க்கிறார், கைராசிக்காரர்" என்று நம் ஊரில் சொல்வார்கள். அனுபவத்தின் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பணியாண்டுகள் கூடக் கூட மருத்துவரின் அறிவும் சிகிச்சைத் தரமும் குறைவதாகவே அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை காட்டின. 2017இல் அமெரிக்க மருத்துவமனைகளின் முதிய நோயாளிகளைப் பற்றி வந்த இன்னொரு ஆய்வில், மூத்த மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆனால் நிறைய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவந்த மூத்தவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. எனவே வயதைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்லூரியில் படித்தது பழசாகிக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட ஏற்பாடு இருக்கிறதா என்பதே கேள்வி.

நம் ஊர் ஏற்பாடு எப்படி இருக்கிறது? நட்சத்திர ஓட்டல் அரங்கம். வாசலில் மருந்து நிறுவனங்களின் ஸ்டால்கள். பதிவு செய்தவுடன் ஒரு பை. மேடையில் நகரத்து நிபுணர் ஒருவர், அடுத்தடுத்து ஸ்லைடுகள். கேள்வி கேட்க நேரம் இருக்காது, ஏனெனில் அடுத்த பேச்சாளர் விமானத்தைப் பிடிக்க வேண்டும். பேச வருகிறவர்கள் பலர் உண்மையான அறிஞர்கள், நல்ல உள்ளத்தோடு வருகிறவர்கள். ஆனால் உட்கார்ந்து உரை கேட்பதால் மருத்துவரின் நடைமுறை மாறுவது மிகக் குறைவு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2009இல் தொகுத்தபோது, விரும்பிய நடைமுறையைக் கடைப்பிடிப்பது இத்தகைய கூட்டங்களால் சராசரியாக ஏறக்குறைய 6 சதவீதம்தான் கூடியது. சிக்கலான பழக்கங்களை மாற்ற வேண்டிய இடத்தில் பயன் அதைவிடக் குறைவு.

தலைப்பை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியமான கேள்வி. புதிய கூட்டு மாத்திரை சந்தைக்கு வந்தால் ஆறு மாதத்துக்கு ஊர் ஊராக அதைப் பற்றிய உரைகள்தான். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும் கொடுங்கள், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொல்ல ஒரு மாலை நேரக் கூட்டத்துக்கு யாராவது பணம் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வாத இதய நோய் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டிய பென்சிலின் ஊசியைப் பற்றி? பதினொரு மாத்திரைகளோடு வரும் எண்பது வயதுப் பாட்டிக்கு எந்த ஐந்தை நிறுத்தலாம் என்பதைப் பற்றி? மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வகுப்பை நடத்துவதில் எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை. எனக்கு அன்றாடம் தேவைப்படுவதோ அந்த வகுப்புதான்.

மருந்து நிறுவனத்திடமிருந்து பரிசும் பயணச் செலவும் பெறக் கூடாது என்று மருத்துவ கவுன்சில் 2009 டிசம்பரிலேயே விதி செய்துவிட்டது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மருத்துவர்களுக்குக் கொடுத்த இலவசங்களை வியாபாரச் செலவாகக் காட்டி வரிச்சலுகை கேட்ட ஒரு மருந்து நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்த இலவசங்களின் விலை கடைசியில் மருந்தின் விலையாக நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்று நீதிபதிகள் எடுத்துச் சொன்னார்கள். 2023 ஆகஸ்ட் 2 அன்று, அந்த கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போனது. மருந்து நிறுவனம் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணம் போடும் கருத்தரங்கில் மருத்துவர்கள் பங்கேற்கவே கூடாது என்றது. மூன்று வாரம்தான் தாங்கியது. ஆகஸ்ட் 23 அன்று அந்த விதிகள் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டன. பெரிய எதிர்ப்பு, மருந்துகளை வணிகப் பெயரில் எழுதாமல் மூலப்பெயரில் எழுத வேண்டும் என்ற பிரிவுக்குத்தான் வந்தது. ஆனால் கருத்தரங்கு விதியும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

அந்த விதியை என் சக மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். நான் ஆதரிக்கிறேன். ஆனால் அவர்கள் சொல்லும் ஒன்றில் நியாயம் இருக்கிறது. மருந்து நிறுவனம் விலகிக்கொண்டால் அந்த இடத்தில் யார் பணம் போடுவது? அரசு போடவில்லை, கவுன்சிலும் போடவில்லை. தடையை மட்டும் போட்டுவிட்டு மாற்று வழியைக் காட்டாவிட்டால், சிறு ஊர் மருத்துவருக்கு இருக்கிற ஒரே வாசலும் மூடிக்கொள்ளும். அதன் பிறகு அவருக்குப் பாடம் எடுப்பவர் கிளினிக்குக்கு வரும் மெடிக்கல் ரெப் மட்டும்தான்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரிகள் உண்டு. அவற்றை யாரும் தொடர்கல்வி என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

மகப்பேறு மரணத் தணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்தின் தொடர்பில் ஒரு தாய் இறந்தால், எங்கே தாமதம் ஆனது, எந்த மருத்துவமனையில் இரத்தம் இல்லை, எந்த அறிகுறி கவனிக்கப்படவில்லை என்று மாவட்ட அளவில் ஒவ்வொரு மரணத்தையும் பிரித்துப் பார்க்கும் முறையில் இந்தியாவுக்கே தமிழ்நாடு முன்னோடி. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு மகப்பேறு மரணம் இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. இதற்குத் தணிக்கை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மாவட்டத்து மருத்துவர்கள் தங்கள் மாவட்டத்தில் நடந்த மரணத்திலிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்றால் அதற்கு இணையான வகுப்பு எந்த ஓட்டலிலும் கிடையாது. ஒரே நிபந்தனை, அந்தக் கூட்டம் விசாரணை மன்றம் ஆகிவிடக் கூடாது. நிற்கவைத்துத் திட்டும் இடத்தில் யாரும் உண்மை பேச மாட்டார்கள். அடுத்த முறை கேஸ் ஷீட்தான் அழகாக எழுதப்பட்டு வரும்.

இன்னொன்று, 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோயால் இறப்பவர்களில் பலர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். எனவே நோய் உறுதியான அன்றே எடை, மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, தாங்கிப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதை ஊழியர்கள் பார்க்கிறார்கள். அபாயம் தெரிந்தால் உடனே உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்லி அனுப்புகிறார்கள். பெரிய எந்திரம் எதுவும் இல்லை. எடை பார்க்கும் மேடை, விரலில் மாட்டும் கருவி, பயிற்சி பெற்ற ஊழியர், மாதாமாதம் தங்கள் எண்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் பழக்கம். இதைப் பயிற்சி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பிரசவ அறையும் அப்படித்தான். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு ஏற்பட்டால் மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்சாமிக் அமிலம் கொடுக்க வேண்டும் என்பதை 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வு உறுதிப்படுத்தியது. இதை ஸ்லைடில் படிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அது நோயாளியின் நரம்பில் ஏறுமா என்பது வேறு விஷயம். மருத்துவர், செவிலியர், உதவியாளர் எல்லோரும் சேர்ந்து பிரசவ அறையிலேயே ஒத்திகை பார்த்தால்தான், மருந்து அலமாரியின் சாவி பகல் ஷிஃப்ட் செவிலியரின் கைப்பையில் போய்விடுகிறது என்பது தெரியவரும். இரத்த வங்கி எண்ணில் இரவில் யாரும் எடுப்பதில்லை என்பதும் தெரியவரும். இதற்கு எந்த கவுன்சிலும் கிரெடிட் கொடுப்பதாக, அதாவது தொடர்கல்வி மணிக்கணக்கில் சேர்ப்பதாக, நான் கேள்விப்பட்டதில்லை.

பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரின் உரிமம் மறு உறுதி செய்யப்படுகிறது. ஆண்டுதோறும் அதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவருடன் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். தன் நோயாளிகளும் சக ஊழியர்களும் தன்னைப் பற்றிச் சொன்னதும் அந்த 5 ஆண்டுகளுக்குள் அதில் இடம்பெற வேண்டும். அங்கே பணிபுரியும் நம் தமிழ் மருத்துவர்கள் காகித வேலை கழுத்தை நெரிக்கிறது என்று சொல்கிறார்கள். அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொந்த வேலையைத் திரும்பிப் பார்க்க நேரமும் துணையும் கொடுப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நேரம் என்பதுதான் உண்மையான முட்டுக்கட்டை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக நிற்கும் மருத்துவர் ஒரு நாள் பயிற்சிக்குப் போனால் அன்று புறநோயாளிகளை யார் பார்ப்பது? இரவும் பகலும் தொடர்ந்து டியூட்டி பார்க்கும் முதுநிலை மாணவரிடம் "புதிதாக என்ன படித்தாய்" என்று கேட்க யாருக்கு மனம் வரும்? எம்பிபிஎஸ் முடித்த இளைஞர்களுக்கோ கிடைக்கும் ஓய்வு நேரமெல்லாம் நீட் பி.ஜி. தேர்வுக்கான கேள்விகளில் கரைகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பற்றிப் படிக்க நேரம் மிஞ்சுவதில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

என்னைப் போன்ற தனியார் பொது மருத்துவர்களுக்கு இந்த ஏற்பாடுகளில் இடமே இல்லை. மக்கள் முதலில் வருவதோ எங்களிடம்தான். வேலூர் சிஎம்சி நடத்தும் குடும்ப மருத்துவத் தொலைநிலைப் பட்டயப் படிப்பு, கிளினிக்கை மூடாமலேயே படிக்க வழி செய்தது. சென்னையில் தொடங்கிய சர்க்கரை நோய்ச் சான்றிதழ்ப் படிப்பும் பலருக்கு உதவியிருக்கிறது. இவை போதாது.

2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அரியலூர், கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம், இராமநாதபுரம் என்று பல மாவட்டங்களுக்குக் கல்லூரி வந்துவிட்டது. பேராசிரியர்கள் இருக்கிறார்கள், நூலகம் இருக்கிறது. மாதத்தில் இரண்டு மதியங்கள் அந்தக் கல்லூரியின் கதவை ஊர் மருத்துவர்களுக்குத் திறந்துவிடுங்கள். நாங்கள் எழுதிய சீட்டுகளையும், நாங்கள் அனுப்பிய நோயாளிகளுக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் முன்னால் வைத்துப் பேசுவோம். கிரெடிட்டை அதற்குக் கொடுங்கள். செலவைக் கவுன்சில் எங்களிடம் வாங்கும் கட்டணத்திலிருந்து எடுங்கள், போதாவிட்டால் அரசு போடட்டும். கவுன்சிலுக்கோ சங்கத்துக்கோ தேர்தல் வரும்போது வாக்குக் கேட்டு வரும் சக மருத்துவர்களிடம் இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கப் போகிறேன். இதைப் படிக்கும் மருத்துவர்களும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.