“நம்ம ஊர்ல பனியா பெய்யுது?”

எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலண்டைப் பற்றி இனிமேல் யாராவது என் காதுபட “நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு அண்ணாச்சி, தண்ணிய ஊத்துங்க” என்று சொன்னால் சண்டைதான். மெக்கானிக் சொல்கிறார், பங்கில் காற்றடிக்கிற பையன் சொல்கிறான், கார் ஓட்டவே தெரியாத மைத்துனனும் சொல்கிறான். நான் ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்தால் போதும், தெருவே வந்து நின்று புத்தி சொல்கிறது.

பனி பெய்யாதுதான். வெயில் கொளுத்துகிறதே! அக்னி நட்சத்திரத்தில் ஏசியையும் போட்டுக்கொண்டு திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தில் ஊர்ந்து பாருங்கள், இல்லை நாலு பேரை ஏற்றிக்கொண்டு மாஞ்சோலை மலை ஏறிப் பாருங்கள், எஞ்சின் என்ன பாடுபடுகிறது என்று தெரியும். கூலண்டில் இருக்கும் கிளைக்கால் என்கிற ரசாயனம் உறையாமல் காப்பது மட்டுமில்லை, கொதிநிலையையும் ஏற்றிவிடுகிறது. அதைவிட முக்கியம், துருப்பிடிக்காமல் இருக்க அதில் கலந்திருக்கும் மருந்து. இன்றைய வண்டிகளில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டும் ரேடியேட்டரும் பெரும்பாலும் அலுமினியம். வெறும் தண்ணீரில் அது அரிக்கத்தான் செய்யும்.

“சூட்டை இழுக்கிறதுல தண்ணிதானே கெட்டி?” என்று கேட்கிற விவரமான ஆளும் உண்டு. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஊற்றச் சொல்கிற தண்ணீர் எது? போர் தண்ணி! திசையன்விளைப் பக்கம் அந்தத் தண்ணியில் பருப்பே வேகாது, அதைக் கொண்டுபோய் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் நூல்போன்ற ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படியும். “நாங்க தாமிரபரணித் தண்ணில்லா ஊத்துதோம்” என்று பெருமை வேறு. குடிக்க அது அமிர்தம். அலுமினியத்துக்கு அது மருந்தாகாது. கடையில் பேட்டரிக்கு ஊற்றுகிற உப்பில்லாத தண்ணி விற்கிறது, அதை வாங்கிக் கலக்க என்ன கேடு?

அப்புறம் அந்த மகா வைத்தியம்: தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. சூடு ஏறுகிறது என்று கொண்டுபோய் விட்டால் முதல் வேலை அதுதான். அந்த வால்வு எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகிற வழியை மூடிவைத்திருந்து, 80, 90 டிகிரி வாக்கில் திறக்கிற சாமான். நன்றாக இருக்கிற வால்வு சூட்டில் தானே திறந்துவிடும், அதைக் கழற்றி என்ன ஆகப்போகிறது? அடைபட்ட ரேடியேட்டர் அடைபட்டபடியேதான் இருக்கும். வால்வு இறுகிப்போயிருந்தால் புதிது போடவேண்டியதுதானே, அது என்ன தங்கத்திலா செய்திருக்கிறது! வால்வே இல்லாவிட்டால் நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் போகும்போது எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது. இன்னும் குளிராக இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். பிறகு “மைலேஜ் இல்ல” என்று அதே மெக்கானிக்கிடம் போய் நிற்பது.

சரி, ஊரை விடுங்கள், வண்டி செய்கிறவர்கள் மட்டும் யோக்கியமா? பழைய கூலண்டை வடிக்க ரேடியேட்டருக்கு அடியில் கையால் திருகுகிற ஒரு டிரெயின் பிளக் வைத்தால் குறைந்தா போவார்கள்? என் வண்டியில் அது கிடையாது. கீழ் ஹோஸைப் பிடுங்கவேண்டும். அதற்கு முன்னால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றவேண்டும். அந்தக் கிளிப்புகள் தொட்டால் உடைகிற சாதி. பழசை வடித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, கூலண்டும் தண்ணியும் சரிபாதி கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றுக்குமிழியை எல்லாம் வெளியேற்றி நிமிர்வதற்குள் இடுப்பு போய்விடும். கடையில் “இது கலந்ததா, கலக்கணுமா” என்று கேட்டால், “பச்சை வேணுமா சிவப்பு வேணுமா” என்று பதில் வருகிறது. சேலையா எடுக்க வந்தேன்? நிறத்தை வைத்துத் தரம் தெரியாது, மேனுவலில் போட்டிருக்கிற வகையைத்தான் பார்க்கவேண்டும். ஏற்கெனவே கலந்து வருவதில் மறுபடி பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுவைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ.

ஒன்றே ஒன்றுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டு ஓரங்கட்டி நிற்கும்போது, துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகாதீர்கள். உள்ளே வெளிக்காற்றைவிட சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரைக்கும்கூடக் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் விட்டு, கொதிநீரும் ஆவியுமாகச் சீறி முகத்தில் அடிக்கும். ஆறட்டும், நிழலில் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். வள்ளியூருக்கு அரை மணி தாமதமாகப் போனால் குடி முழுகாது.

இத்தனையும் முடித்தபிறகு வடித்த பழைய கூலண்டை என்ன செய்வது? கேட்டால் “பாளையங்கால்வாய்ல ஊத்திருங்க” என்கிறார் ஒரு பெரியவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு. எத்திலீன் கிளைக்கால் விஷம், அதுவும் இனிக்கிற விஷம். நாயோ ஆடோ நக்கினால் அதோடு சரி. வண்டி வாங்கிய இடத்தில் கேட்டேன், அங்கே வேலை பார்த்தால்தான் பழசை எடுத்துக்கொள்வார்களாம். புதுசை விற்கிற கடைக்காரர் கேனைக் கையில் வாங்கவே மாட்டேன் என்கிறார். லிட்டர் லிட்டராக விற்கத் தெரிகிறது, பழசைத் திருப்பி வாங்க ஒரு பீப்பாய் வைக்க இந்தத் திருநெல்வேலியில் ஒரு கடைக்கும் துப்பில்லையா?