சீரியல் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனால் என்ன குறை?

போன வாரம் ஸ்காட்லாந்தின் டூன் கோட்டைக்கு நானும் அம்மாவும் போன படங்களைப் போட்டதும் கீழே என்ன நடந்தது என்று பார்த்திருப்பீர்கள். அந்தப் பின்னூட்டத்தை இங்கே எடுத்துப் போட விருப்பமில்லை. "சீரியல் கூட்டம்" என்றது மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வரலாறு தெரியாமல், நடிகர் நின்ற இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களாம். நானும் அம்மாவும்.

ஆமாம், சீரியல் பார்த்துத்தான் போனோம். பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் நடக்கும் காதல் தொடரான அவுட்லேண்டரைப் பார்க்காவிட்டால் அம்மா ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டை வாசலையும் மிதித்திருக்க மாட்டார். குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்தவர் அவர். நான் வேலைக்குப் போனதும் தனியாக உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்ப்பார். ஆங்கிலம் பாதி புரியும், மீதியை ராத்திரி என்னிடம் கேட்பார். ஒருநாள் அவராகவே, "அந்தக் கோட்டை இங்கேதானே இருக்கு, போலாமா?" என்றார். அந்தக் கேள்விக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

சீரியலில் லியாக் கோட்டையாக வருவது டூன். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் வரும் வின்டர்ஃபெல் கோட்டைக்கும் இங்கேதான் படம் பிடித்தார்கள். சரி, அதைப் பார்த்துவிட்டு அம்மா திரும்பிவிட்டாரா? 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைக் கட்டிய ஆல்பனி பிரபு யார், அரசர் இருக்கும்போது இவர் எப்படி நாட்டை ஆண்டார், இவர் மகனுக்கு ஏன் 1425-ல் தலை போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 1746 ஜனவரியில் ஃபால்கர்க் சண்டைக்குப் பிறகு ஜாக்கபைட்டுகள், அதாவது ஆட்சி இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்றப் போராடியவர்கள், பிடித்த ஆட்களை இங்கேதான் அடைத்துவைத்தார்கள். படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கிச் சிலர் தப்பினார்கள். தப்பாமல் இருந்துவிட்ட ஜான் விதர்ஸ்பூன் பிற்பாடு அமெரிக்கா போய், 1776-ல் அதன் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இதைச் சொன்னதும் அம்மா அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்து, "இங்கிருந்தா இறங்கினாங்க?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். இது வரலாறு இல்லையா? இதற்கு மேல் என்ன வேண்டும் உங்களுக்கு?

அடுத்து லின்லித்கோ. சீரியலில் அது வென்ட்வொர்த் சிறை. நிஜத்தில் அரண்மனை. ஸ்காட்லாந்தின் அரசி மேரி 1542-ல் பிறந்த இடம். கூரையில்லாமல் நிற்கிறது. 1746 தொடக்கத்தில், ஜாக்கபைட்டுகளை அடக்க வந்த அரசுப் படைத்தலைவர் கம்பர்லாந்து பிரபுவின் படை தங்கிப் போனபோது எரிந்தது. கம்பர்லாந்து என்றதும் அம்மா, "கல்லோடன்ல கொன்னானே, அவனா?" என்றார். அவனேதான், அதே வருடம் ஏப்ரலில் கல்லோடன் சண்டையில் ஜாக்கபைட்டுகளைத் தோற்கடித்தவன். கல்லோடன் என்ற பெயரை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. அந்தச் சீரியல்தான்.

"சீரியலில் பாதி பொய்" என்பீர்கள். கதாநாயகனின் வீடான லாலிப்ராக் என்று காட்டும் மிட்ஹோப் கோட்டைக்கு உள்ளே ஒன்றுமே இல்லை, பாழடைந்து கிடக்கிறது, வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது தெரியும். கதை வேறு, கல் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இல்லை அவர்.

"கூட்டம் இடத்தைக் கெடுக்கிறது" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதில் நியாயம் உண்டு. கல்லோடனில் ஃபிரேசர் குலத்தாரின் நினைவுக்கல்லைச் சுற்றி ரசிகர்கள் மிதித்துத் தரை கெட்டுப்போய், கயிறு கட்டித் தடுக்க வேண்டி வந்தது. நிஜமாகச் செத்தவர்களுக்கான கல் அது. சீரியல் நாயகனும் ஃபிரேசர் என்பதால் அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்காக அங்கே பூ வைப்பது எனக்கும் பிடிக்கவில்லை. கயிறு கட்டட்டும், பாதை போடட்டும். அதற்காக டூன் முற்றத்தில் அமைதியாக நடந்த ஒரு வயதான பெண்ணை எதற்கு இழுக்கிறீர்கள்?

கதை வழியாகக் கோட்டைக்கு வருவது இன்று தொடங்கியதும் இல்லை. வால்டர் ஸ்காட் தன் 1814 நாவலில் கதாநாயகனை இதே டூனில் கொண்டுவந்து அடைத்தார். எடின்பரோவின் பெரிய ரயில் நிலையத்துக்கே அந்த நாவலின் பெயர்தான், வேவர்லி. நாவல் படித்து வந்தால் இலக்கிய ரசனை. டூனில் படம் பிடித்து 1975-ல் வந்த மாண்டி பைதான் நகைச்சுவைக் குழுவின் படத்தில் குதிரைக் குளம்புச் சத்தத்துக்குக் கொட்டாங்குச்சியைத் தட்டுவார்கள். அந்த ரசிகர்கள் டூனுக்கு வந்து தட்டிப் பார்ப்பதற்கென்றே கோட்டைக் கடையில் கொட்டாங்குச்சி வைத்திருந்தார்கள். அதுவும் நல்ல ரசனைதான். ஆனால் பகல் முழுக்க வீட்டில் இருக்கும் பெண் ஒரு காதல் தொடர் பார்த்து வந்தால் மட்டும் "சீரியல் கூட்டம்". கோபம் சீரியல் மேல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எங்களைப் போன்றவர்கள் கேள்வி கேட்பது பிடிக்கவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் ஆல்பனி பிரபுவைப் பற்றிப் பேசினால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பை நான் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன், அப்பா பக்கத்துச் சொந்தக்காரர்கள் அம்மா வாய் திறந்தாலே சிரிப்பார்கள்.

அதை எழுதியவரே, பின்னூட்டத்தை நீக்கிவிட்டதாக இன்பாக்ஸில் சொன்னீர்கள். அதற்குள் அம்மா படித்துவிட்டார். அடுத்து, சீரியலில் வரும் இன்னொரு ஊரான கல்ரோஸ் போகலாம் என்று பேசிவைத்திருந்தோம், இப்போது "எதுக்கும்மா, வேண்டாம்" என்கிறார். என்னிடம் மன்னிப்பு கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.