பொருள்: சிரங்கு – தொடர்பாக

(கும்பகோணம். கார்த்திகை மாதத்து மழை மாலை. தாலுகா அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற சதாசிவம் ஊஞ்சலில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார். ஒரு கையால்தான் படிக்கிறார். இன்னொரு கைக்கு வேறு வேலை இருக்கிறது. மகள் கௌரி மருந்துக் கடைப் பையுடன் உள்ளே வருகிறாள்.)

கௌரி: அப்பா, உங்கள் பேரன் கதிருக்கு வந்திருப்பது வேர்க்குரு இல்லையாம். சிரங்காம். விரல் இடுக்கைப் பார்த்ததுமே டாக்டர் சொல்லிவிட்டார்.

சதாசிவம்: மெதுவாகப் பேசு. எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது.

கௌரி: திறந்திருக்கட்டும். அந்த வீட்டுப் பாப்பாவும் இவனும் நாள் முழுவதும் கைகோத்துக்கொண்டுதான் விளையாடுகிறார்கள். அவர்களிடமும் சொல்லத்தான் போகிறேன்.

சதாசிவம்: சொல்லப் போகிறாயா! நம் பரம்பரையில் யாருக்கும் சிரங்கு வந்ததில்லை. (முழங்கையைச் சொறிகிறார்.)

கௌரி: இப்போது என்ன செய்கிறீர்கள்?

சதாசிவம்: யோசிக்கிறேன். யோசிக்கும்போது என் கை அங்கே போகும்.

கௌரி: நேற்று இரவு இரண்டு மணிக்கு இடுப்பை யோசித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா பார்த்தாளாம்.

சதாசிவம்: அது உஷ்ணம். இரத்தம் கெட்டுப்போனால் தோலில் வெளிப்படும். குப்பைமேனி அரைத்துப் போட்டால் ஓடிவிடும்.

கௌரி: இரத்தம் கெட்டதால் வருகிறது என்றுதான் ஐரோப்பாவிலும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். தூக்கம் வராமல் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். 1687-இல் பொனோமோ என்ற இத்தாலிய மருத்துவர், சிரங்குக்குக் காரணம் ஒரு பூச்சி என்று உருப்பெருக்கியில் பார்த்து எழுதிவிட்டார். மருத்துவ உலகம் அதை ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? 1834-இல், பாரிசில் ஒரு மாணவர் ஊசி முனையில் பூச்சியை எடுத்து எல்லோருக்கும் காட்டிய பிறகு.

சதாசிவம்: நூற்று நாற்பத்தேழு வருடமா? எங்கள் அலுவலகத்தில்கூட ஒரு கோப்பு அவ்வளவு நாள் நிலுவையில் கிடந்ததில்லை. சரி, எங்கே அந்தப் பூச்சி? காட்டு பார்க்கலாம்.

கௌரி: கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு ஆள் உடம்பில் மொத்தமே பத்துப் பதினைந்துதான் இருக்குமாம்.

சதாசிவம்: பத்துப் பதினைந்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

கௌரி: பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டே போய், தினமும் இரண்டு மூன்று முட்டை இடும்.

சதாசிவம்: (செய்தித்தாளை மடித்து வைக்கிறார்.) பட்டா இல்லாமலா?

கௌரி: பட்டா, வாடகை எதுவும் கிடையாது. சாப்பாடும் உங்கள் தோல்தான்.

சதாசிவம்: அப்படியானால் இது ஆக்கிரமிப்பு. முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். என்ன நடவடிக்கை?

கௌரி: இந்தக் களிம்பு. பெர்மெத்ரின், 5 சதவீதம். ராத்திரி கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் இடம் விடாமல் தடவிக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் குளித்துவிடலாம். நகத்தை ஒட்ட வெட்டி, நக இடுக்கிலும் தடவ வேண்டும். விரல் இடுக்கு, அக்குள், தொப்புள், அப்புறம் சொல்ல முடியாத இடங்கள்.

சதாசிவம்: சொல்ல முடியாத இடத்தில் எப்படித் தடவுவது?

கௌரி: சொல்லாமல் தடவுங்கள்.

சதாசிவம்: பையில் ஐந்து டியூப் இருக்கிறதே. கதிருக்கு வயது நான்கு. அவன் உடம்பில் ஐந்து டியூப் தடவ இடம் ஏது?

கௌரி: ஆளுக்கு ஒன்று அப்பா. அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் தடவ வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அவரிடமிருந்து திரும்ப மற்றவர்களுக்கு வந்துவிடும்.

சதாசிவம்: மாப்பிள்ளையுமா? அவர் என்ன நினைப்பார்!

கௌரி: அவர் ஒரு வாரமாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொறிகிறார். மாமனார் என்ன நினைப்பாரோ என்று.

சதாசிவம்: (சிறிது நேரம் ஊஞ்சல் ஆடுகிறது.) நல்ல மனிதர். சரி, ஓர் உண்மையைச் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே. நானும் ஒரு மாதமாகக் களிம்பு போடுகிறேன். கடைப் பையன் கொடுத்தான். போட்டதும் அரிப்பு அடங்குகிறது. நான்கு நாளில் பக்கத்து இடத்துக்குப் போய்விடுகிறது.

கௌரி: அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கும். அரிப்பை அமுக்கும், பூச்சி பாட்டுக்குப் பரவும். டாக்டர் முதலில் கேட்டதே இதைத்தான். ஒரு மாதமா? அப்பா, அப்படியானால் கதிருக்கு உங்களிடமிருந்துதான்! அவன் உங்கள் வயிற்றின்மேல்தானே தூங்குகிறான்.

சதாசிவம்: யோசித்துப் பேசு. நான் இந்த ஊரை விட்டு எங்கே போனேன்?

கௌரி: ஆவணிக் கடைசியில் மதுரைக் கல்யாணத்துக்குப் போனீர்களே. முதல் முறை வருகிறவர்களுக்குப் பூச்சி ஏறி நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் அரிப்பு தொடங்குமாம். ஐப்பசியில் உங்களுக்குத் தொடங்கியது. கணக்குச் சரியாக வருகிறது. அங்கே யாரோடு படுத்தீர்கள்?

சதாசிவம்: சத்திரத்தில் மூன்று ராத்திரி. ஒரே ஜமுக்காளத்தில் நானும் உன் பெரியப்பாவும் இடித்துக்கொண்டு... (எழுந்து நிற்கிறார்.) அட, சகலை! ராத்திரி முழுவதும் தொடையில் வீணை வாசித்துக்கொண்டிருந்தானே! கேட்டதற்குக் கொசு என்றான்.

கௌரி: பெரியப்பாவுக்குப் போன் செய்யுங்கள். பாவம், பெரியம்மாவும் அவதிப்படுவாள்.

சதாசிவம்: முடியாது. என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்ததிலிருந்து அவனோடு பேச்சு இல்லை.

கௌரி: நாளை காலை இந்த வீட்டுப் போர்வை, தலையணை உறை, மூன்று நாளில் உடுத்திய துணி அத்தனையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். கதிரின் கரடி பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் பரண்மேல் வைக்க வேண்டும். அவனுக்கு எப்படிச் சமாதானம் சொல்வது என்று நான் தவிக்கிறேன். நீங்கள் பந்தியைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

சதாசிவம்: கரடி பணியிடை நீக்கம் என்று சொல். கார்த்திகை மாதத்தில் வெயிலுக்கு யாரிடம் மனுப் போடுவது?

கௌரி: இஸ்திரி போட்டால் போதும். ஏழு நாள் கழித்து இன்னொரு முறை களிம்பு உண்டு. தப்பித்த முட்டை பொரித்திருந்தால் அதற்காக.

சதாசிவம்: நினைவூட்டல்.

கௌரி: அதற்குப் பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். பூச்சி செத்தாலும் தோல் மறக்க நாள் ஆகுமாம். அதற்காகத் தினமும் களிம்பை அப்பிக்கொள்ளக் கூடாது.

சதாசிவம்: ஓய்வு பெற்ற பிறகும் நான் பத்து மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேனே, அதுபோல. சரி, பேனாவை எடு. சகலைக்குக் கடிதம்தான். எழுது. பொருள்: சிரங்கு, தங்களிடமிருந்து பெறப்பட்டது, தொடர்பாக. பார்வை: மதுரைச் சத்திரத்து ஜமுக்காளம், ஆவணி மாதம். ஐயா, மேற்படி பொருள் இவ்விடம் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது.

கௌரி: அப்பா!

சதாசிவம்: தாங்களும் தங்கள் இல்லத்தாரும் ஒரே இரவில் களிம்பு தடவிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். சொல்ல முடியாத இடங்கள் உட்பட.

கௌரி: நகல் யாருக்கு?

சதாசிவம்: (முதுகை ஊஞ்சல் சங்கிலியில் தேய்த்தபடி) நகல், எதிர் வீட்டுக்கு. ஜன்னல்தான் திறந்திருக்கிறதே, நீயே கொஞ்சம் சத்தமாகப் படித்துவிடு.