வீடு விற்க முடியாதவர்களின் கடல்

கியூபாவிலிருந்து படகில் அமெரிக்காவுக்குக் கிளம்புகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "இவர்கள் அகதிகள் இல்லை, காசுக்காகப் போகிறவர்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

1991-இல் சோவியத் யூனியன் உடைந்ததும் கியூபாவுக்கு மலிவாக வந்துகொண்டிருந்த எண்ணெயும் தானியமும் நின்றுபோயின. சில வருடங்களில் நாட்டின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அரசு அதற்குச் 'சிறப்புக் காலம்' என்று பெயர் வைத்தது. சத்தில்லாத சாப்பாட்டால் ஐம்பதாயிரம் பேருக்கு நரம்பு பாதித்தது, நிறைய பேருக்குப் பார்வை மங்கியது. கண் மங்கும் அளவுக்குப் பசித்திருந்தவர்களைத்தான் காசாசை பிடித்தவர்கள் என்கிறோம்.

1994 ஆகஸ்ட் 5 அன்று தலைநகர் ஹவானாவின் கடற்கரைச் சாலையில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். போகிறவர்களை இனித் தடுக்கமாட்டோம் என்றார் காஸ்ட்ரோ. சில வாரங்களில் முப்பதாயிரம் பேருக்கு மேல் கடலில் இறங்கிவிட்டார்கள். டயர் டியூப், பீப்பாய், பலகை என்று கைக்குக் கிடைத்ததைக் கட்டித் தெப்பமாக்கினார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா 150 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஓடும் வளைகுடா நீரோட்டம் தெப்பத்தை அட்லாண்டிக்குக்கே இழுத்துப் போய்விடும். அப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கே கிடையாது.

அமெரிக்கச் சலுகைதான் அவர்களை இழுக்கிறது என்பது இன்னொரு வாதம். சரி, கரையில் கால் வைத்தவர்களைத் தங்கவிடும் அந்தச் சலுகை 2017 ஜனவரியில் போய்விட்டது. அப்புறமும் 2022-இல் ஆயிரக்கணக்கானவர்களைக் கடலில் மறித்துத் திருப்பி அனுப்பினார்களே, அது எதனால்?

2022-இல் கிளம்பிய அந்த அலையில் பெரும்பாலானவர்கள் கடல் வழியாகப் போகவில்லை. அப்போது விசா தேவைப்படாத நிகராகுவாவுக்கு விமானம் ஏறி, அங்கிருந்து தரைவழியே அமெரிக்க எல்லைக்குப் போனார்கள். அதற்குப் பல பேர் வீட்டையே விற்றார்கள். விற்க வீடு இல்லாதவர்களுக்குக் கடல்தான் மிச்சம்.

குற்றம் யார்மேல் என்று கேட்டால் இருவர்மேலும் என்பேன். அறுபது வருடத்துக்கு மேலாகக் கழுத்தை நெரிக்கும் அமெரிக்க வர்த்தகத் தடையை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். அதற்காக, 2021-இல் நாணயச் சீர்திருத்தம் என்ற பெயரில் விலைவாசியை எகிறவிட்டு, அதே வருடம் ஜூலையில் தெருவுக்கு வந்தவர்களை வருடக்கணக்கில் சிறையில் போட்ட ஹவானா அரசையும் விடமாட்டேன். பல நாடுகளுக்குப் போய் வைத்தியம் பார்க்கும் கியூப மருத்துவர்கள்மேல் நமக்குள்ள மரியாதை, இதைச் சொல்லவிடாமல் நம் வாயைக் கட்டக் கூடாது.

2003-இல் பன்னிரண்டு பேர் 1951-ஆம் வருடத்து செவர்லே லாரி ஒன்றுக்குப் பீப்பாய்களைக் கட்டி, நீரைத் தள்ளும் உந்துவிசிறி பொருத்தி, கடலில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஐம்பது வருடப் பழைய லாரியைப் படகாக்கும் கைவேலை தெரிந்தவர்களுக்குச் சொந்த ஊரில் பிழைக்க வழியில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை லாரியை மூழ்கடித்துவிட்டு அவர்களைத் திருப்பி அனுப்பியது. அடுத்த வருடம், அவர்களில் சிலர் ஒரு பழைய பியூக் காரைப் படகாக்கிக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள்.