ஆறு பேருக்கு ஒரு சந்தா, ஏழாவது ஆளுக்கு நான்

இனிமேல் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், "ஒரு சின்ன விஷயம்ப்பா, லேப்டாப்ல வேர்டு வேலை செய்ய மாட்டேங்குது" என்று எந்தச் சொந்தக்காரர் போன் செய்தாலும் நான் செத்துவிட்டதாகச் சொல்லும்படி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். மனைவி ஏன் எதற்கு என்று கேட்காமல் சம்மதித்ததுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

வேர்டு, எக்செல் எல்லாம் அடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்கு ஃபேமிலி சந்தா கட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பணம் எடுக்கிற அன்றைக்கு மட்டும் அது என் சந்தா. மற்ற நாளெல்லாம் அது பூர்வீகச் சொத்து. யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை, யாரைக் கேட்காமல் யாருக்குக் கொடுத்தேன் என்று பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுவதற்கு மட்டும் நான் ஒருத்தன்.

ஆறு பேராம். குடும்பம் என்றால் ஆறு பேர் என்று முடிவு செய்த புண்ணியவான் நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்காவது வந்திருப்பானா? எங்கள் வீட்டில் பந்தியில் முதல் வரிசைக்கே இது பத்தாது. அதுவும் 2018 அக்டோபர் வரை ஐந்து பேர்தான் இருந்தது. மைக்ரோசாஃப்ட் அப்புறம்தான் மனசு வைத்து ஆறாக்கியது. கோப்புகளைப் போட்டு வைக்க இணையத்தில் ஆளுக்கு 1 டெராபைட் இடம், ஒரே சமயத்தில் ஐந்து கருவிகள் வரை நுழைந்துகொள்ளலாம். படிக்கும்போது எவ்வளவு தாராளம்! ஏழாவது ஆள் வரும் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது ஆள் எங்கள் பெரியப்பா. வயது எழுபத்து நான்கு. பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகக் கமிட்டியின் பொருளாளர். புது லேப்டாப் வாங்கியபோது கடைப் பையன், "ஆபீஸ் உள்ளேயே ஃப்ரீயா இருக்கு சார்" என்று சொல்லியிருக்கிறான். உள்ளே இருந்தது சாம்பிள். அதன் கெடு முடிந்ததும் மேலே ஒரு பட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. கோப்பைத் திறக்கலாம், படிக்கலாம், பிரிண்ட் கூட எடுக்கலாம். ஓர் எழுத்தைத் திருத்தக் கூடாது. அவர் கணக்கு, அவர் கோயில், அவர் லேப்டாப், ஆனால் பார்க்க மட்டும்தான் அனுமதி. இதை அவர் கண்டுபிடித்தது, காலையில் கமிட்டிக் கூட்டம் என்று இருக்கிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி.

"உங்கிட்டதான் ஆறு பேருக்கு இருக்காமே. எனக்கு ஒண்ணு குடேன்."

ஒண்ணு குடேன். வெல்லம் பாருங்கள், கிள்ளிக் கொடுக்க.

ஆறு இடமும் நிரம்பியிருக்கிறது. நான், மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், அப்பா, தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரர். யாரையாவது எடுத்தால்தான் இன்னொருவரைச் சேர்க்க முடியும். அப்பா அதில் வைத்திருப்பது ஒரே ஒரு எக்செல் ஷீட், பால் கணக்கு. நோட்டுப் புத்தகத்திலும் அதே கணக்கை எழுதுகிறார், எக்செல் தப்புப் போட்டுவிடுமாம். எனவே பணிவாகத்தான் கேட்டேன். "அப்பா, பெரியப்பாவுக்கு உங்க இடத்தைக் கொடுத்துடலாமா?"

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அது நல்ல அறிகுறி இல்லை. "தோப்பையும் அவனுக்குத்தான் விட்டேன். இதையுமா?"

சாப்ட்வேர் லைசன்ஸ் பேசப் போன நான் அரை மணி நேரம் ஒரு தென்னந்தோப்பின் வரப்பில் நின்றேன். கிணறு யார் பக்கம், பாட்டி சாகும்போது சங்கிலியை யார் கழுத்தில் போட்டார்கள், எல்லாம் வந்தது. பால் கணக்குக்கு 1 டெராபைட் வேண்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாப்பிள்ளையை எடுக்கலாமா என்றால் அது இன்னும் பெரிய வில்லங்கம். கல்யாண வீடியோ, புதுமனைப் புகுவிழா, காதுகுத்து என்று அந்த 1 டெராபைட்டின் கழுத்து வரைக்கும் நிரப்பி வைத்திருக்கிறார். சந்தாவில் இருந்து எடுத்தால் அவருடைய இடம் இலவசக் கணக்கின் 5 ஜிபிக்குச் சுருங்கும். இருக்கிறதைப் பார்க்கலாம், புதிதாக ஒன்றும் ஏற்ற முடியாது. இடம் நிரம்பினால் அந்தக் கணக்குக்கு மெயில் வருவதும் நிற்கும். தங்கச்சி புருஷனுக்கு மெயில் வராமல் செய்தவன் என்ற பட்டத்தோடு பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நான் நிற்க வேண்டும்.

மிச்சம் தங்கச்சி. அவள் ஒருமுறைகூட உள்ளே நுழைந்ததில்லை. எல்லாம் போனில்தான். கேட்டதும் கொடுத்துவிட்டாள். "எடுத்துக்கண்ணே. அந்த வீட்டுல எனக்குன்னு என்னதான் இருந்துச்சு?"

இதற்கு அப்பாவின் தோப்பே தேவலை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். இதெல்லாம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஆபீஸ் 2010-இல் 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்' என்று ஒரு பெட்டி விற்றார்கள். ஒரே கீ, ஒரே வீட்டில் மூன்று கம்ப்யூட்டர். வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதே என்று ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். போட்டோமா, மறந்தோமா என்று இருந்தது. 2013-இல் பெட்டியை வாங்கினால் ஒரே ஒரு கம்ப்யூட்டர் என்றார்கள். அந்தக் கம்ப்யூட்டர் செத்தால் லைசன்சும் அதோடு சரி, வேறொன்றுக்கு மாற்றவும் கூடாது என்று முதலில் எழுதி வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் அந்த வருஷம் மார்ச்சிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள். அதே வருஷம் ஜனவரியில்தான் வீட்டுக்கான சந்தாவும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாரை எந்தப் பக்கம் தள்ளினார்கள் என்று தெரியவில்லையா? எனக்கு நன்றாகவே தெரிகிறது. 2025 தொடக்கத்தில் ஏஐ உதவியைச் சேர்த்து விலையையும் ஏற்றினார்கள். ஃபேமிலி சந்தாவில் அந்த ஏஐ சந்தா கட்டுகிறவருக்கு மட்டும்தான், மற்ற ஐந்து பேருக்கும் கிடையாது. விலை குடும்பத்துக்கு, அறிவு குடும்பத் தலைவருக்கு. கேள்விப்பட்டதும் மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு எதுக்கு அது?"

சரி, பெரியப்பாவிடம் வருவோம். அழைப்பு லிங்க்கை அனுப்பினேன்.

"லிங்க் வந்திருக்கா பெரியப்பா?"

"வந்திருக்கு."

"தொடுங்க."

"தொட்டுட்டேன்."

"என்ன தெரியுது?"

"நீ தெரியற."

வாட்ஸ்அப்பில் என் புரொஃபைல் படத்தைத் தொட்டிருக்கிறார். சரி. லிங்க்கைத் தொட வைத்து, போனில் இல்லை பெரியப்பா, லேப்டாப்பில் என்று சொல்லி, அதை லேப்டாப்புக்குக் கொண்டுபோக வைத்து, "பிரவுசரைத் திறங்க" என்றதற்கு "அது எந்தக் கலர்ல இருக்கும்" என்று அவர் கேட்டு, ஒருவழியாக உள்ளே போனோம். அங்கே நின்றது.

"ஏம்ப்பா, பெற்றோர் அனுமதி வேணும்னு போட்டிருக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். எங்க அப்பா எண்பத்தாறுலேயே போயிட்டாரேப்பா."

கணக்கைத் தொடங்கிக் கொடுத்த கடைப் பையன் பிறந்த வருஷம் கேட்ட இடத்தில் பட்டியலில் மேலே இருந்ததை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கணக்குப்படி பெரியப்பா கைக்குழந்தை. கைக்குழந்தை கும்பாபிஷேக வரவு செலவு எழுதுகிறதே என்று எந்த மெஷினும் யோசிக்காது. பெற்றோர் வந்து சம்மதம் சொன்னால்தான் அடுத்த கதவு திறக்கும். ஒரு நிமிஷம், அப்பாவையே இவருக்குக் கார்டியனாகப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். தோப்பு ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

பழைய கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு புதிதாக ஒன்று. கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து வேண்டும் என்றது. "எழுத்தைப் பெரிசு பண்ற பட்டன் வேர்டுலதானே இருக்கு, அதுதான் திறக்க மாட்டேங்குதே" என்றார் பெரியப்பா. நியாயம்தான். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் ஓடிபி. அது தோஹாவில் இருக்கும் பெரியப்பா மகனுடைய போனுக்குப் போயிருக்கிறது. ஏனென்றால் கேஸ் புக்கிங்கில் இருந்து பேங்க் வரை பெரியப்பாவின் சகலமும் அண்ணன் நம்பரில்தான். எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் அவர் கை தானாக அந்த நம்பரைப் போட்டுவிடும்.

அண்ணனுக்குப் போட்டால் லைன் பிஸி. விடாமல் பிஸி. யாரோடு பேசிக்கொண்டிருக்கிறான்? பெரியம்மாவோடு. பெரியம்மா எங்கே? பெரியப்பாவுக்கு அடுத்த ரூமில். "பெரியம்மாகிட்ட போனை வைக்கச் சொல்லுங்க பெரியப்பா" என்றேன். "அவ மகன்கிட்ட பேசறப்ப நான் குறுக்கே போறதில்லைப்பா" என்றார். ஐம்பது வருஷ தாம்பத்தியம் அப்படி நடந்திருக்கிறது, நான் யார் அதைக் கெடுக்க? அவர்கள் பேசி முடித்தபோது ஓடிபி செத்துப்போயிருந்தது. புதிது கேட்டோம். அண்ணன் எண்களைச் சொன்னான், பெரியப்பா எழுதிக்கொண்டார், கண்ணாடியைத் தேடினார், கண்ணாடி கிடைத்தபோது அதுவும் செத்தது. அப்புறம் ஒருவழியாக ஒன்று உயிரோடு போய்ச் சேர்ந்தது. உடனே, நீ மனுஷன்தானா என்று நிரூபி என்று ஒரு படம் வந்தது. கை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் விலங்கைத் திருப்ப வேண்டும். "இது நரியா, நாயா?" என்றார் பெரியப்பா. எதுவாக இருந்தால் என்ன பெரியப்பா, திருப்புங்க! "தெரியாம எப்படிப்பா திருப்பறது?" பாலமும் மதகும் கட்டிய மனுஷர், மேற்பார்வை இல்லாமல் எதையும் திருப்ப மாட்டார்.

இந்த நேரத்தில் மாமா ஒருத்தர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் புகுந்து, தான் 399 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' கீ வாங்கிவிட்டதாகவும் நான் ஏமாளி என்றும் எழுதினார். அந்த லைஃப்டைமை நான் பார்த்திருக்கிறேன். வேர்டைத் திறந்தால் மேல் மூலையில் வேறு யாரோ ஒரு மாணவனின் பெயர் இருக்கும், முன்பின் தெரியாத ஏதோ ஒரு காலேஜின் கணக்கு. போன தடவை அவர் வாங்கியது ஒருநாள் காலையில் மூச்சு விடாமல் நின்றுபோனது. யாருடைய வாழ்நாள் என்று கேட்காமலே வாங்கிவிட்டார்.

இன்னொரு கோஷ்டி உண்டு. "ஏன் இவ்வளவு கஷ்டம், லிப்ரே ஆபீஸ் போட்டுக்கோங்களேன்." எனக்குத் தெரியாதா? காசும் இல்லை, ஆறு பேர் ஏழு பேர் என்ற கணக்கும் இல்லை, ஊருக்கே போட்டுக் கொடுக்கலாம். மகளின் பழைய லேப்டாப்பில் அதுதான் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. ஸ்கூலில் இருந்து வரும் அட்டவணைகள் மட்டும் அவ்வப்போது ஒரு கோட்டை விட்டு இன்னொரு கோட்டுக்கு நடந்து போகும், அது பெரிய விஷயமில்லை. பெரியப்பாவுக்கும் அதைத்தான் முதலில் சொன்னேன். "ஓசியில கொடுக்கறானா? அப்ப அதுல என்னமோ இருக்கு" என்றார். நான் கொடுக்கிற சந்தாவும் அவருக்கு ஓசிதான் என்பது அவர் ஞாபகத்தில் இல்லை.

நாயோ நரியோ திரும்பியது. கணக்கு திறந்தது. அழைப்பை ஏற்றார். பார்த்தால் பட்டை அப்படியே இருக்கிறது! வேர்டுக்குள் இன்னும் அந்தக் கைக்குழந்தைதான் உட்கார்ந்திருக்கிறது. பிரவுசரில் ஒரு கணக்கு, விண்டோஸில் ஒரு கணக்கு, ஆபீஸுக்குள் ஒரு கணக்கு. மூன்றும் ஒரே மனுஷன் என்று மெஷினுக்குத் தெரியாது. உள்ளே போய் குழந்தையை வெளியேற்றி, பெரியவரை உட்கார வைத்து, மூடித் திறக்கச் சொன்னேன். லேப்டாப்பையே மூடிவிட்டார். மறுபடி திறந்து, ஏதோ அப்டேட் ஓடி, அது முடிகிற வரை எனக்குக் கோயில் ராஜகோபுரத்து சிமெண்ட் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டை போய்விட்டது.

"திறந்துடுச்சுப்பா!" என்றார். அந்த நிமிஷம் எனக்கே கண் கலங்கியது. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஏம்ப்பா, இது எந்த பாஷை?"

வீடியோ காலில் காட்டச் சொன்னேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி! கணக்கைத் தட்டிக் கொடுத்த டிடிபி சென்டர் பாமினி ஃபான்ட்டில் தட்டியிருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இருந்தது, புதியதில் இல்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் கட்டும் ஃபான்ட். ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளி வேஷத்துக்கும் உள்ளே இருப்பது ஓர் அரைப்புள்ளி, ஃபான்ட் போனால் அத்தனையும் வெளியே வந்து பல்லைக் காட்டும். சந்தா கிடக்கட்டும், லைசன்ஸ் நாசமாய்ப் போகட்டும், இதற்கு யார் பதில் சொல்வது? எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கான பொதுக் குறியீடுதான் யூனிகோடு. 2010-லேயே தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணை போட்டாகிவிட்டது. போனில் பேரப்பிள்ளைகள் எல்லாம் யூனிகோடில்தான் சண்டை போடுகிறார்கள். ஆனால் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சங்கத் தீர்மானம் என்று வந்தால் மட்டும் ஏன் இன்னும் பாமினி? தேட முடியாது, வெட்டி வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது, வேறு கம்ப்யூட்டரில் திறக்க முடியாது. கேட்டால், "அதுலதான் சார் எழுத்து லட்சணமா இருக்கும்" என்பார்கள். அரைப்புள்ளியின் லட்சணத்தை ராத்திரி ஒரு மணிக்கு வந்து பாருங்களேன்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. உள்ளே இருந்து மனைவி, "செத்துட்டதா சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல பெரியப்பா, ஃபான்ட்தான். இப்பவே அனுப்பறேன்" என்றேன்.

"அதை எத்தனை பேர் வெச்சுக்கலாம்?" என்று கேட்டார் பெரியப்பா.