777 போட்டுவிடுங்கள் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு எங்கள் கணினி ஆய்வகத்தில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி எஃப்5 பொத்தானைத் திரை புதுப்பிக்கப்படட்டும் என்று திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள். தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அவளுடைய குழுவின் ஃபோல்டர் திரையில் திறந்திருந்தது. உள்ளே ஒரு கோப்பும் இல்லை. நான்கு பேரின் நான்கு மாத உழைப்பு போய்விட்டது. மறுநாள் புராஜெக்ட் ரெவ்யூ. பென் டிரைவில் இருந்த பிரதியோ மூன்று வாரம் பழையது.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராகப் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். நேற்று வந்த கோபம் எனக்கு இதற்கு முன் வந்ததில்லை.

அழித்தவன் அடுத்த குழுவைச் சேர்ந்த பையன். சர்வரில் இடம் நிறைந்துவிட்டது என்று செய்தி வந்திருக்கிறது. பழைய ஆண்டு ஃபோல்டர் என்று நினைத்து அதிலிருந்ததையெல்லாம் அழித்துவிட்டான். அவனே வந்து சொன்னான், முகம் வெளுத்துப்போய். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. வேறொரு குழுவின் ஃபோல்டரில் கைவைக்க அவனுக்கு அனுமதி கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி. மேலே இருப்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா?" என்று கேட்டார்கள்.

அவள் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள்! எங்கள் சர்வர் லினக்ஸில் ஓடுகிறது. அதில் அனுமதியை மூன்று இலக்கங்களால் எழுதுவோம்: முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்றவருக்கு. 4 என்றால் படிக்கலாம், 6 என்றால் எழுதவும் செய்யலாம், 7 என்றால் எல்லாம் செய்யலாம், 0 என்றால் ஒன்றும் முடியாது. அவள் தன் அறிக்கையை 644 என்றுதான் வைத்திருந்தாள். உரிமையாளர் எழுதலாம், மற்றவர் படிக்க மட்டுமே முடியும். ஆனால் லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கலாமா கூடாதா என்பதைக் கோப்பின் அனுமதி தீர்மானிப்பதில்லை. அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதிதான் தீர்மானிக்கிறது. ஃபோல்டர் 777 என்றால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நீக்கலாம். பெட்டியைப் பூட்டிவிட்டு அறையைத் திறந்து போட்டால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடலாம் அல்லவா, அப்படி. அவள் பெட்டியைப் பூட்டினாள். அறையைத் திறந்து போட்டது நாங்கள்.

ஏன் திறந்து போட்டோம்? பருவத் தொடக்கத்தில் ஒரு குழுவினர் வந்து, ஒருவர் எழுதிய கோப்பை இன்னொருவரால் திருத்த முடியவில்லை என்றார்கள். காரணம் சாதாரணமானது. யுமாஸ்க், அதாவது புதுக் கோப்பிலிருந்து எந்த அனுமதிகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் எண், எங்கள் சர்வரில் 022. அதனால் புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு கோப்பும் 644 ஆகப் பிறக்கிறது. குழுவில் உள்ளவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. போதாததற்கு, அந்தக் கோப்பு உருவாக்கியவரின் சொந்தக் குழுவின் பெயரில் பதிவாகிறது, புராஜெக்ட் குழுவின் பெயரில் அல்ல. ஒவ்வொரு அணிக்கும் சர்வரில் ஒரு குழு உருவாக்கி, ஃபோல்டரை 2770 ஆக்கி, யுமாஸ்க்கை 007 என்று மாற்றினால் போதும் என்று சொன்னேன். முன்னால் உள்ள அந்த 2 இருந்தால் உள்ளே உருவாகும் கோப்பெல்லாம் ஃபோல்டரின் குழுவுக்கே போய்ச் சேரும். வழிகாட்டும் ஆசிரியரையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டால் அவரும் பார்க்கலாம். ஓர் அணிக்குப் பத்து நிமிட வேலை.

ஓர் அணிக்குச் செய்தும் காட்டினேன். அவர்கள் முயன்று பார்த்துவிட்டு "வரவில்லை" என்றார்கள். வராதுதான்! ஒருவரைப் புதிதாகக் குழுவில் சேர்த்தால், அவர் வெளியேறி மறுபடி உள்நுழைந்த பிறகுதான் அது செல்லுபடியாகும். அதைச் சொல்லி முடிப்பதற்குள், "எதற்கு இவ்வளவு சுற்று? எல்லாவற்றுக்கும் 777 போட்டுவிடுங்கள், புகாரே வராது" என்று உத்தரவு வந்துவிட்டது. ஒருமுறை வெளியேறி உள்நுழையும் அரை நிமிடத்துக்குப் பொறுமை இல்லாமல் போனதன் விலையைத்தான் நேற்று அந்தப் பெண் கொடுத்தாள்.

நான் வளவு வீட்டில் வளர்ந்தவன். ஆறு குடித்தனம், ஒரே கிணறு, ஒரே முற்றம். கிணற்றில் யாரும் இறைக்கலாம், அடுப்படி அவரவருக்கு. ஒருவர் கொடியில் காயும் துணியை மழை வந்தால் அடுத்த வீட்டுக்காரர் எடுத்து வைப்பார், பெட்டியைத் திறந்து பார்க்கமாட்டார். எது பொது, எது சொந்தம் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஆச்சிகள் அங்கே வகுத்து வைத்திருந்தார்கள். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. உரிமையாளர், குழு, மற்றவர் என்ற அதன் ஏற்பாடும் இந்த வளவுக் கணக்குதான். இதைப் பாடமாக நடத்தி, தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டு, விடையைத் திருத்துகிறவர்கள்தான் தங்கள் சொந்த சர்வரில் 'குழு' என்ற நடுப்பகுதியை மறந்துவிட்டு ஊருக்கே கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

அட, 777 தான் வேண்டும் என்றால் முன்னால் ஒரு 1 சேர்த்து 1777 என்றாவது போட்டிருக்கலாம். அந்த சர்வரிலேயே தற்காலிகக் கோப்புகளுக்கான பொது ஃபோல்டர் அப்படித்தான் இருக்கிறது. எல்லோரும் எழுதலாம், ஒருவர் வைத்ததை இன்னொரு மாணவர் நீக்க முடியாது. அந்த ஓர் எண் இருந்திருந்தால் அவள் அறிக்கை இன்று இருந்திருக்கும்.

ஆசிரியர்கள் அறையின் விண்டோஸ் கணினியிலும் இதே கதை. அதில் நெட்வொர்க் பகிர்வுக்கு ஓர் அனுமதி, கோப்புகள் இருக்கும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) வட்டுக்கு ஓர் அனுமதி. நெட்வொர்க் வழியே வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் நிற்கும். எங்கே தடுக்கிறது என்று பார்க்கச் சோம்பல்பட்டு இரண்டிலும் 'எவ்ரிஒன்', 'ஃபுல் கண்ட்ரோல்', அதாவது எல்லோருக்கும் முழு உரிமை, கொடுத்திருக்கிறார்கள். இன்டர்னல் மதிப்பெண் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. இதை நான் எழுதிக் கொடுத்து ஓராண்டு ஆகிறது.

அந்தப் பெண்ணுக்கு ரெவ்யூவை நான்கு நாள் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள், ஏதோ சலுகை செய்வதுபோல. மூன்று வாரப் பழைய பிரதியிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். நேற்று மாலை ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து பதினான்கு அணிகளுக்கும் குழு உருவாக்கி, ஒவ்வொரு ஃபோல்டரையும் 2770 ஆக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இன்று காலை வந்த ஒவ்வொரு மாணவரையும் வெளியேறி மறுபடி உள்நுழையச் சொல்லி, பக்கத்தில் நின்று சரிபார்த்தேன். இனி யாராவது 777 போடச் சொன்னால் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாளை ஆய்வகக் கதவில் ஒட்டிவைக்கிறேன்.