பெல்ட் போடாதவருக்கான ஏர்பேக்

சீட் பெல்ட் பற்றிப் பேச்செடுத்தாலே, "என் உயிர், என் இஷ்டம், இதில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்குச் சிலர் உண்டு. சாட்சிக்கு அவர்கள் அமெரிக்காவைத்தான் அழைப்பார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 18 வயது நிரம்பியவர் பெல்ட் போட்டே ஆகவேண்டும் என்று இன்றுவரை சட்டமில்லை என்பது உண்மைதான். "சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ" என்ற முழக்கத்தை அங்கே கார்களின் நம்பர் பிளேட்டிலேயே பொறித்திருக்கிறார்கள். (அந்தப் பிளேட்டுகளைச் செய்து கொடுப்பவர்கள் சிறைக்கைதிகள் என்பது வேறு கதை.) ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கான செலவு யார் தலையில் விழுந்தது என்பதை நண்பர்கள் சொல்வதில்லை.

பெல்ட் போடாவிட்டால் வண்டியே ஸ்டார்ட் ஆகாத ஏற்பாடு ஒன்று 1974-ஆம் ஆண்டு மாடல் அமெரிக்கக் கார்களில் இருந்தது. பக்கத்து இருக்கையில் மளிகைப் பையை வைத்தால்கூட ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வண்டி கிளம்ப மறுத்தது. மக்கள் கொதித்துப்போனார்கள். அப்படியோர் ஏற்பாட்டையோ எட்டு நொடிக்கு மேல் கத்தும் எச்சரிக்கை ஒலியையோ அரசு கட்டாயமாக்கக் கூடாது என்று அதே ஆண்டு அக்டோபரில் அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமே போட்டுவிட்டது. ஆள் பெல்ட் போடமாட்டார், ஆனால் அவரைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற நிலையில், அந்தப் பொறுப்பு முழுவதும், மோதும்போது காற்றடைத்து விரியும் பையான ஏர்பேக்கின்மேல் ஏறியது. பெல்ட் அணியாத, சுமார் 78 கிலோ எடையுள்ள ஓர் ஆண் பொம்மையை உட்காரவைத்து, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் காரைச் சுவரில் மோதவிட்டு, அந்த பொம்மை பிழைக்குமா என்று சோதித்தார்கள். எதுவும் கட்டிப்பிடிக்காமல் முன்னால் பாய்ந்துவரும் அத்தனை எடையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நிறுத்தவேண்டுமென்றால், பை பெரிதாகவும் இருக்கவேண்டும், மணிக்கு 300 கிலோமீட்டர் போன்ற வேகத்தில் வெடித்தும் வரவேண்டும்.

அப்படி வந்த பை, ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்து ஓட்டிய குள்ளமான பெண்களையும் முன்னிருக்கைக் குழந்தைகளையும் அடித்தது. 1990 முதல் 2008 வரை, குறைந்த வேக மோதல்களில் ஏர்பேக் விரிந்ததனாலேயே 290-க்கும் அதிகமானோர் இறந்ததாக அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு அமைப்பே கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்களோ சரியாகப் போடாதவர்களோதானே என்று நண்பர்கள் மடக்கலாம். மடக்கட்டும். ஆனால் அவர்களில் பலர் குழந்தைகள். எந்த இருக்கையில் எப்படி உட்காருவது என்று தீர்மானித்தவர்கள் அவர்கள் இல்லை. 1997-இல் விதியைத் தளர்த்தி, பையின் வேகத்தைக் குறைக்க அனுமதித்த பிறகுதான் அந்தச் சாவுகள் குறைந்தன.

ஐரோப்பாவில் பெல்ட் போட்ட பொம்மையைத்தான் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். பை அங்கே பெல்ட்டுக்குத் துணை மட்டுமே என்பதால், சிறியதாகவும் மென்மையாகவும் செய்ய முடிந்தது. அதற்காக ஜெர்மானியர்கள் அடங்கிப் போகிறவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களுடைய நெடுஞ்சாலையான ஆட்டோபானில் பொதுவான வேக வரம்பு இன்றும் கிடையாது. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை மட்டுமே. ஸ்டுட்கார்ட்டில் நான் வேலை பார்த்த நாள்களில் சக ஊழியர் ஒருவர் 200-ஐத் தொட்டு ஓட்டுவார். ஆனால் நான்கு பெல்ட்டும் 'க்ளிக்' என்று மாட்டும் சத்தம் கேட்கும்வரை வண்டியை நகர்த்தமாட்டார். கேட்டால் ஒரு பதிலும் சொல்லாமல் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். டிக்கியில் முதலுதவிப் பெட்டி, முக்கோண எச்சரிக்கைப் பலகை, ஒளிரும் மேலங்கி எல்லாம் சட்டப்படி இருந்தாகவேண்டும். முதலுதவி வகுப்புக்குப் போகாமல் லைசென்ஸ் கிடையாது. விபத்தில் கிடப்பவருக்கு உதவ முடிந்தும் கடந்துபோவது அங்கே குற்றம். அவர்களும் இந்த இடத்துக்குத் தாமாக வந்துவிடவில்லை: 1976-இல் பெல்ட் கட்டாயமாயிற்று, பலர் போடவில்லை, 1984-இல் 40 மார்க் அபராதம் வந்தது, ஏறக்குறைய எல்லாரும் போட்டார்கள்.

நாம் இந்த இரண்டிலும் சேரவில்லை. சுதந்திரம் என்று கொள்கைச் சண்டை போடுவதும் இல்லை, நம்பிக்கையோடு கடைப்பிடிப்பதும் இல்லை. பின்னிருக்கையிலும் பெல்ட் போடவேண்டும் என்ற விதி நம்மிடம் முன்பே இருந்தது. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே, டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பின்னிருக்கையில் பெல்ட் போடாமல் பயணித்து விபத்தில் இறந்தபோதுதான் பலர் அதைக் கேள்விப்பட்டார்கள். பெல்ட் போடாமலே எச்சரிக்கை ஒலியை அடக்கும் கொக்கிகளை ஆன்லைனில் விற்காதீர்கள் என்று தனியாக உத்தரவு போடவேண்டியிருந்த நாடு இது.

சென்ற மாதம் சென்னையிலிருந்து திருச்சிக்கு வாடகைக் காரில் போனேன். டோல்கேட் நெருங்கும்போதெல்லாம் டிரைவர் பெல்ட்டை மார்பின் குறுக்கே இழுத்து, மாட்டாமல், கையால் பிடித்துக்கொண்டார்; தாண்டியதும் விட்டுவிட்டார். டீக்கு நிறுத்திய இடத்தில், பின்சீட் உறைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். ஒரு ரூபாய் நாணயமும் கடலைத் தோலும் வந்தபிறகு பெல்ட் மாட்டும் பக்கிள் அகப்பட்டது. டீ டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்: "விடுங்க சார், பின்னாடி எல்லாம் போலீஸ் பாக்கமாட்டாங்க."